அலுவலகக் கொடுப்பனவு இருக்கிறது, அலுவலகம் எங்கே?

 

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். உடன்படாதவர்கள் கீழே தாராளமாகச் சொல்லுங்கள். தனிநபர் தாக்குதல் மட்டும் வேண்டாம்.

2025 தொடக்கம் எமது தேநீர்க் கடைகளிலும் பள்ளிவாசல் முன்றலிலும் ஆசிரியர் அறைகளிலும் அரசியல்வாதிகளின் சலுகைகள்தான் பேச்சு. பாராளுமன்ற உணவகத்தில் எம்பிமார் ஒரு நாள் சாப்பாட்டுக்குச் செலுத்திவந்த 450 ரூபா 2,000 ரூபாவாக உயர்ந்தது. தீர்வையற்ற வாகனப் பத்திரம் இனி இல்லை என்றார்கள். 1986 ஆம் ஆண்டின் ஜனாதிபதிகள் உரித்துரிமைச் சட்டம் 2025 செப்டெம்பரில் நீக்கப்பட்டது. முன்னாள் ஜனாதிபதிமார் அரச மாளிகைகளை விட்டு வெளியேறும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஐந்து வருடம் சபையில் இருந்தாலே கிடைத்துவந்த, 1977 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான ஓய்வூதியமும் வேண்டாம் என்ற முடிவு வந்தது.

இவற்றையெல்லாம் நாம் வரவேற்றோம். 2022 இல் எரிவாயு சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற மக்கள் வரவேற்காமல் இருக்க முடியாது.

ஆனாலும் இந்தச் சந்தோஷத்துக்குள் ஒரு முக்கியமான விடயம் பேசப்படாமல் போகிறது. சலுகையை வெட்டுவது வேறு, கணக்குக் கேட்பது வேறு. முதலாவது நடந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது இன்னும் தொடங்கவே இல்லை. அதற்கு நல்ல உதாரணம் எம்பிமாரின் அலுவலகக் கொடுப்பனவு. வாகனப் பத்திரம் போல அது பரபரப்பான விடயமல்ல. ஆனால் ஊரில் இருக்கும் எமக்கு மாளிகையை விடவும் வாகனத்தை விடவும் அதிகம் சம்பந்தப்பட்டது அதுதான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பகிரங்கமாக வெளியான விபரங்களின்படி, ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் மாதாந்தச் சம்பளம், அதாவது அடிப்படைக் கொடுப்பனவு, 54,285 ரூபா. உபசரிப்புக் கொடுப்பனவு 1,000 ரூபா. சாரதிக்கு 3,500 ரூபா. தொலைபேசிக்கு 50,000 ரூபா. போக்குவரத்து வசதிக்கு 15,000 ரூபா. அலுவலகத்துக்கு 100,000 ரூபா. சபை அமர்வுக்குச் சமூகமளிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 2,500 ரூபா. இவற்றுக்கு மேலாக, மாவட்டத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையிலான தூரத்தை வைத்து எரிபொருள் கொடுப்பனவு. வருடத்துக்கு 350,000 ரூபா முத்திரைக்கு.

இந்தப் பட்டியலை ஒரு தடவை மெதுவாக வாசித்துப் பாருங்கள். அலுவலகக் கொடுப்பனவு சம்பளத்தின் இரண்டு மடங்கை நெருங்குகிறது. தொலைபேசிக் கொடுப்பனவு சம்பளத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். "எம்பியின் சம்பளம் ஒரு சிரேஷ்ட ஆசிரியரின் சம்பளத்தை விடவும் குறைவு" என்று சிலர் சொல்வார்கள். 54,285 என்ற இலக்கத்தை மட்டும் பார்த்தால் அது பொய்யல்ல. ஆனால் அந்த இலக்கத்தை மட்டும் பார்க்க வைப்பதுதான் இந்த முறையின் தந்திரம். சம்பளத்தைச் சிறியதாகக் காட்டி, மீதியைக் கொடுப்பனவு என்ற பெயரில் நிரப்புகிறார்கள். மக்களுக்கு உண்மையான தொகை தெரியாது. அந்தத் தொகைக்குப் பதிலாக என்ன வேலை நடக்கிறது என்பதும் தெரியாது.

225 உறுப்பினர்களும் அலுவலகக் கொடுப்பனவைப் பெற்றால் மாதத்துக்கு 22.5 மில்லியன் ரூபா. வருடத்துக்கு 270 மில்லியன். தொலைபேசிக்கு வருடத்துக்கு 135 மில்லியன். நாட்டின் கடனோடு ஒப்பிட்டால் இது தூசு என்று சிலர் சொல்லலாம். தொகையைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

முத்திரையை எடுத்துக்கொள்வோம். 2022 ஆகஸ்டில் சாதாரண கடிதத்துக்கான தபால் கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் 350,000 ரூபா என்றால் வருடத்துக்கு 7,000 கடிதங்கள். வெள்ளி, ஞாயிறு, பெருநாள், போயா எதுவும் பாராமல் தினமும் 19 கடிதங்கள். இந்தப் பதிவை வாசிக்கும் உங்களில் எத்தனை பேருக்கு எமது மாவட்ட எம்பி ஒருவரிடமிருந்து முத்திரை ஒட்டிய ஒரு கடிதம் வந்திருக்கிறது? பெருநாள் வாழ்த்துக் கூட இப்போது வட்ஸ்அப்பில்தான் வருகிறது. கடிதம் வரவில்லை என்பதற்காக யாரையும் கள்ளன் என்று சொல்லவில்லை. எழுதியும் இருக்கலாம், எழுதாமலும் இருக்கலாம். இரண்டில் எது என்று ஒரு குடிமகன் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை என்பதே எமது குறை.

இப்போது அலுவலகத்துக்கு வருவோம்.

எம்பி அலுவலகம் ஒன்று எமக்கு எதற்கு? எமது பகுதியில் வாழ்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சவூதிக்கோ குவைத்துக்கோ வேலைக்குப் போன மகளிடமிருந்து மூன்று மாதமாகச் சத்தமில்லை என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கும் வீட்டுக்கும் அலையும் உம்மாமார் இருக்கிறார்கள். அஸ்வெசும பட்டியலில் பெயர் விடுபட்டு, மேன்முறையீடு செய்து, என்ன நடந்தது என்றே தெரியாமல் இருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. பரம்பரையாகச் செய்த காணி வன இலாகாவின் எல்லைக்கல்லுக்குள் போய்விட்டதென்று கையில் பழைய பேர்மிட்டோடு நிற்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். யானை அழித்த வயலுக்கு நட்டஈடு கேட்டு எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் வந்து, அதை வாசிக்க ஆள் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். கொழும்பு எமக்கு ஓர் இரவு முழுக்க பஸ் பயணம். அங்கே போய் ஒரு கந்தோரில் "நாளைக்கு வாங்க" என்று சொன்னால், அந்த ஒரு வார்த்தையின் விலை இரண்டு நாள் கூலியும் பஸ் காசும்.

இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் ஊரிலே ஒரு எம்பி அலுவலகம். ஒரு மேசை, இரண்டு கதிரை, மூன்று மொழியும் தெரிந்த ஒரு உத்தியோகத்தர், ஒரு பதிவேடு. வந்தவரின் பெயர், பிரச்சினை, எந்தத் திணைக்களத்துக்கு எழுதினோம், எப்போது பதில் வந்தது என்று நான்கு நிரல்கள். இவ்வளவுதான். பெரிய மாளிகை தேவையில்லை.

நடைமுறையில் என்ன நடக்கிறது? எம்பி ஊரில் நிற்கும் நாளைக் கேட்டறிந்து, சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அவருடைய வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அல்லது "இணைப்பாளர்" என்று சொல்லிக்கொள்ளும் கட்சிக்காரரைப் பிடிக்க வேண்டும். அவர் எந்த வட்டாரம், தேர்தலில் யாருக்கு வேலை செய்தோம் என்பதையெல்லாம் மனதில் வைத்துத்தான் தொலைபேசியை எடுப்பார். காரியம் நடந்தால் அது அவருடைய உபகாரம். நடக்காவிட்டால் எங்கே முறையிடுவது? பதிவே இல்லையே. உரிமையாகக் கிடைக்க வேண்டிய சேவை இப்படித்தான் தயவாக மாறுகிறது. முறையாக அலுவலகம் திறந்து ஆட்களை வைத்து வேலை செய்யும் எம்பிமாரும் நாட்டில் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் திறந்தவருக்கும் அதே ஒரு இலட்சம், திறக்காதவருக்கும் அதே ஒரு இலட்சம் என்றால் அந்த முறையில் பிழை இருக்கிறது.

"அப்படியென்றால் அந்தக் கொடுப்பனவையும் வெட்டிவிட வேண்டியதுதானே?" என்று இளைஞர்கள் பலர் கேட்கிறார்கள். கூடாது என்பது எமது கருத்து.

வெட்டினால் யாருக்கு நட்டம்? சொந்தமாகக் கடைத்தொகுதியும் ஒப்பந்தக் கம்பனியும் வைத்திருக்கும் அரசியல்வாதிக்கு ஒரு இலட்சம் பெரிய காசில்லை. அவர் தனது கட்டடத்திலேயே ஒரு அறையைத் திறந்துகொள்வார். ஒரு ஆசிரியரோ, மீனவரின் மகனோ, கணவனை இழந்த ஒரு பெண்ணோ மக்கள் வாக்களித்து எம்பியானால் அவர் வாடகை எங்கிருந்து கட்டுவார்? யாராவது ஒரு முதலாளி கட்டுவார். பிறகு அந்த முதலாளியின் கேள்விப்பத்திரம் வரும்போது எம்பி வாய் திறக்க முடியுமா? அரசியல் பணக்காரர்களின் தொழிலாக மட்டும் மாறிவிடக் கூடாது என்பதற்காகத்தான் உலகம் முழுக்க மக்கள் பிரதிநிதிகளுக்குப் பொதுப் பணத்திலிருந்து செலவு கொடுக்கிறார்கள்.

எமது மார்க்க வரலாற்றிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. அபூபக்ர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் கலீஃபாவான பிறகும் வழமை போலத் துணிகளைத் தோளில் சுமந்துகொண்டு சந்தைக்குக் கிளம்பினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். வியாபாரத்தையும் ஆட்சியையும் ஒன்றாகச் செய்ய முடியாது என்று தோழர்கள் தடுத்து, பைத்துல்மாலிலிருந்து அவர்களுக்கு ஒரு தொகையை நிர்ணயித்தார்கள். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஆட்சியாளருக்குப் பொதுப் பணத்திலிருந்து கொடுப்பது தவறல்ல. ஆனால் தொகையைத் தீர்மானித்தவர் அவரல்லர், மற்றவர்கள். மரணத் தறுவாயில், பொதுச் சொத்திலிருந்து தம்மிடம் எஞ்சியிருந்ததை அடுத்த கலீஃபாவிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள் என்பதையும் அதே வரலாறு சொல்கிறது. குத்பாக்களில் இதைக் கேட்டுக் கண்கலங்குகிறோம். அதையே ஒரு நிர்வாக விதியாக எழுதச் சொல்லிக் கேட்பதில் என்ன தயக்கம்?

எமது நாட்டில் தொகையைத் தீர்மானிப்பது யார்? அரசியலமைப்பின் 68 ஆவது உறுப்புரை, உறுப்பினர்களின் ஊதியமும் கொடுப்பனவும் பாராளுமன்றம் சட்டத்தால் அல்லது தீர்மானத்தால் ஏற்பாடு செய்கிறபடி இருக்கும் என்கிறது. அதாவது பெறுகிறவர்களே தீர்மானிக்கிறார்கள். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இந்த விடயத்தில் மட்டும் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே வரிசையில் நின்றதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். இன்றைய அரசு குறைக்கிறது, நல்லது. ஆனால் ஒரு தீர்மானத்தால் குறைத்ததை நாளை வேறொரு அரசு இன்னொரு தீர்மானத்தால் கூட்டிவிடலாம். நல்ல மனிதர்களின் மனதை நம்பி இருக்கும் சீர்திருத்தம் அந்த மனிதர்கள் இருக்கும் வரைக்கும்தான்.

ஆசிரியர்களாகிய நாம் கணக்குக் காட்டுவது எப்படி என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். தரமான உள்ளீட்டு நிதியில் பாடசாலைக்கு ஒரு கட்டு ஏ4 தாளும் நாலு பெட்டி வெண்கட்டியும் வாங்க வேண்டும். கொள்வனவுக் குழு கூட வேண்டும். மூன்று கடைகளில் விலைக்கோரல் எடுக்க வேண்டும். குறைந்த விலையைத் தெரிவு செய்து கூட்ட அறிக்கையில் எழுத வேண்டும். காசோலையில் இரண்டு பேர் கையொப்பமிட வேண்டும். வவுச்சரோடு பற்றுச்சீட்டை ஒட்ட வேண்டும். வந்த பொருளை இருப்புப் பதிவேட்டில் பதிய வேண்டும். வருட முடிவில் பொருட் கணக்கெடுப்புக்கு ஆட்கள் வந்து எண்ணிப் பார்ப்பார்கள். ஒரு பற்றுச்சீட்டில் திகதி இல்லையென்றால் கணக்காய்வு ஐயவினா வரும். அதற்கு அதிபர் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். சில வேளை அந்தத் தொகையை அவரிடமே அறவிடுவார்கள்.

இது பிழை என்று நாம் சொல்லவில்லை. சில நேரம் சலிப்பாக இருக்கும், ஆனால் சரியான முறை. அது மக்களின் வரிப்பணம். எமது கேள்வி மிக எளிமையானது. வெண்கட்டி வாங்கும் அதிபருக்கு இருக்கும் விதி, மாதத்துக்கு ஒரு இலட்சம் வாங்கும் சட்டவாக்க உறுப்பினருக்கு ஏன் இல்லை? சட்டம் இயற்றும் இடத்தில் இருப்பவருக்குப் பற்றுச்சீட்டு ஒட்டத் தெரியாதா?

இந்த இடத்தில் இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொடுப்பனவு என்பது ஆளுக்குக் கொடுப்பது. கையில் வந்ததும் அவருடைய காசு. செலவு என்பது வேலைக்குக் கொடுப்பது. செலவானதற்கு மட்டும், அத்தாட்சி காட்டிப் பெறுவது. மிஞ்சினால் திறைசேரியில் இருக்கும். நாம் கேட்கும் சீர்திருத்தம் இந்த ஒரு மாற்றம்தான். எம்பியின் அலுவலகப் பணம் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற வேண்டும்.

இதை வைத்துப் பார்த்தால் இன்னொரு பழக்கத்தையும் சரியாக மதிப்பிடலாம். தமது உறுப்பினர்கள் சம்பளத்தையும் கொடுப்பனவுகளையும் கட்சியின் பொது நிதிக்கே கொடுத்துவிடுகிறார்கள் என்று ஜே.வி.பி. நீண்ட காலமாகச் சொல்லி வருகிறது. தனிப்பட்ட ஆசையில்லாமல் சம்பளத்தைக் கொடுப்பது அவர்கள் விருப்பம், பாராட்டலாம். ஆனால் அலுவலகத்துக்கென்று மக்கள் கொடுத்த பணம் எம்பிக்கும் சொந்தமில்லை, கட்சிக்கும் சொந்தமில்லை. எம்பி வீட்டுக்குப் போனாலும் கட்சி நிதிக்குப் போனாலும், ஊரில் கதவு திறக்கவில்லையென்றால் அந்த உம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வெளிநாட்டு அனுபவம் ஒன்றைச் சொல்கிறோம். பிரித்தானியப் பாராளுமன்றத்திலும் இதே கதைதான் இருந்தது. சம்பளத்தைக் கூட்டினால் மக்கள் திட்டுவார்கள் என்று பயந்து பல வருடங்களாகக் கொடுப்பனவுகளைப் பெருக்கினார்கள். அவற்றை நிர்வகித்தது பாராளுமன்றத்துக்குள்ளேயே இருந்த ஒரு அலுவலகம். 250 பவுணுக்குக் குறைந்த செலவுக்குப் பற்றுச்சீட்டே தேவைப்படாத காலமும் இருந்தது. தகவலறியும் சட்டத்தின் கீழ் ஊடகவியலாளர்கள் விபரம் கேட்டபோது சபை மறுத்தது. 2008 இல் உயர் நீதிமன்றம் கொடுக்கச் சொன்ன பிறகும் இழுத்தடித்தார்கள். 2009 மே மாதம் முழு விபரமும் ஒரு பத்திரிகையின் கைக்கு வந்து நாளுக்கு நாள் வெளியானது. வீட்டைச் சுற்றியுள்ள அகழியைத் துப்புரவாக்கியது, தோட்டத்துக் குளத்தில் தாராவுக்குக் கூடு வைத்தது என்றெல்லாம் உறுப்பினர்கள் கோரிக்கை அனுப்பியிருந்தார்கள். சபாநாயகர் பதவி விலக நேர்ந்தது. ஒரு சபாநாயகர் அப்படி வெளியேற்றப்பட்டது 1695 க்குப் பிறகு அதுவே முதல் தடவை. பொய்க் கணக்குக் காட்டிய சிலர் சிறைக்கும் போனார்கள்.

அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் எமக்குப் பாடம். ஒட்டுமொத்தமாக வெட்டிவிடவில்லை. 2009 இலேயே சட்டம் இயற்றி, உறுப்பினர்களின் செலவை அவர்களுடைய கையிலிருந்து எடுத்து, ஒரு சுயாதீன அதிகார சபையிடம் கொடுத்தார்கள். அலுவலக வாடகை, ஊழியர் சம்பளம், பயணம் எல்லாவற்றுக்கும் தனித்தனி வரம்பு. அத்தாட்சி இருந்தால் மட்டும் பணம். யார் எதற்கு எவ்வளவு பெற்றார் என்பது இணையத்தில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது. 2017 தேர்தல் முதல், புதிதாகத் தெரிவாகும் உறுப்பினர் தனது நெருங்கிய உறவினரைப் பொதுப் பணத்தில் ஊழியராக வைத்துக்கொள்ளவும் முடியாது. அந்த முறையிலும் குறைகள் உண்டு. கடதாசி வேலை கூடிவிட்டதென்று உறுப்பினர்கள் ஆரம்பத்தில் கடுமையாகக் குறைப்பட்டார்கள். அதை நிர்வகிக்கவும் செலவாகிறது. ஆனால் ஒரு வாக்காளர் தனது எம்பியின் அலுவலக வாடகை எவ்வளவு என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

எமது நாட்டில் இது முடியாத காரியமா? இல்லை. பாதை பாதி திறந்துதான் இருக்கிறது. 2018 இல் ஒரு ஊடகவியலாளர், சொத்துப் பொறுப்பு விபரம் சமர்ப்பித்த எம்பிமார் யார் யார் என்ற பட்டியலைக் கேட்டார். பாராளுமன்றம் மறுத்தது. 2021 இல் தகவலறியும் உரிமை ஆணைக்குழு கொடுக்கும்படி தீர்மானித்தது. விடயம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2023 பெப்ரவரியில் ஆணைக்குழுவின் தீர்மானமே உறுதியானது. அதே 2023 இல் வந்த ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் பிறகு, எம்பிமாரின் சொத்து விபரங்களை இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இப்போது பார்க்கலாம். மனைவியின் நகை எத்தனை பவுண் என்பதைக் கூட நாடு பார்க்கிறது. அலுவலக வாடகையைப் பார்க்கக் கூடாதா?

ஆகவே எமது கோரிக்கைகள் இவை:

1. அலுவலகம் இருந்தால் மட்டும் அலுவலகப் பணம். மாவட்டத்துக்குள் முகவரி, திறக்கும் நாட்கள், நேரம், பொறுப்பான உத்தியோகத்தரின் பெயர் ஆகியவற்றைப் பாராளுமன்ற இணையத்தளத்தில் மூன்று மொழியிலும் போட வேண்டும். தேசியப் பட்டியல் உறுப்பினருக்கும் இதுவே விதி.

2. வாடகை, மின்சாரம், இணையம், எழுதுபொருள், தொலைபேசி எல்லாம் அத்தாட்சியின் பேரில், ஒரு உச்ச வரம்புக்குள் கொடுக்கப்பட வேண்டும். மிஞ்சியது திறைசேரிக்கு. உறுப்பினரின் சொந்தக் கட்டடத்துக்கோ குடும்பத்தவரின் கட்டடத்துக்கோ வாடகை இல்லை.

3. முத்திரை, உபசரிப்பு, சாரதி என்று சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கொடுப்பனவுகளை ஒழித்து, ஒரு எம்பி வாழ்வதற்குப் போதுமான ஒரே சம்பளத்தை வெளிப்படையாக வைக்க வேண்டும். அது இன்றைய 54,285 ஐ விடக் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. மறைவான இரண்டு இலட்சத்தை விட வெளிப்படையான இரண்டு இலட்சம் மேல்.

4. தொகையைத் தீர்மானிக்கும் அதிகாரம் பெறுகிறவர் கையில் இருக்கக் கூடாது. இந்த அரசு சலுகைகளை மீளாய்வு செய்ய ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் கே.டீ. சித்திரசிறி தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. அப்படியான ஏற்பாடு ஒரு தடவையோடு முடியாமல், சட்டத்தால் நிலையான சுயாதீன அமைப்பாக வேண்டும்.

5. ஒவ்வொரு காலாண்டும் ஒவ்வொரு உறுப்பினரின் செலவு விபரமும் யாரும் கேட்காமலே வெளியிடப்பட வேண்டும். கணக்காய்வாளர் நாயகத்தின் மாதிரிச் சோதனையும் இருக்க வேண்டும்.

6. உறவினர் நியமனம் கூடாது. ஊழியர்களில் ஒருவராவது மாவட்ட மக்களின் மொழியிலும், கொழும்புத் திணைக்களங்களோடு பேசக் கூடிய மொழியிலும் எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

இதற்கு வரக்கூடிய எதிர்ப்புகளையும் பார்ப்போம்.

"இது சில்லறைக் காசு, பெரிய களவுகளை விட்டுவிட்டு இதைப் பிடிக்கிறீர்களா?" தொகை சிறியதுதான். ஆனால் பெரிய கேள்விப்பத்திரங்களைக் கண்காணிக்க நாம் அனுப்பும் ஆள் தனது சொந்தக் கணக்கையே காட்டாதவர் என்றால், கோப் குழுவில் இருந்துகொண்டு எந்த முகத்தோடு ஒரு கூட்டுத்தாபனத் தலைவரிடம் பற்றுச்சீட்டுக் கேட்பார்? சின்னக் கணக்கில் நேர்மை பழகியவர்தான் பெரிய கணக்கில் கேள்வி கேட்பார்.

"அலுவலக முகவரியைப் போட்டால் பாதுகாப்புப் பிரச்சினை வரும்." வீட்டு முகவரியை யாரும் கேட்கவில்லை. மக்கள் வருவதற்காகத் திறக்கும் அலுவலகத்தின் முகவரியை மக்களுக்கே மறைப்பதில் அர்த்தமில்லை.

மூன்றாவது எதிர்ப்பு எமது சமூகத்துக்குள்ளேயே வருவது. "சபையில் எமக்கு இருப்பதே விரல்விட்டு எண்ணக் கூடிய பிரதிநிதிகள். அவர்களை நாமே சந்தியில் நிறுத்துவதா? மற்றவர்களைப் பார்த்துக் கேட்டீர்களா?" இந்த உணர்வு எமக்கும் புரிகிறது. கட்டாய ஜனாஸா எரிப்பு நடந்த நாட்களில் எமக்காகச் சபையில் எழும்பிய ஒவ்வொரு குரலின் பெறுமதியையும் நாம் அறிவோம். அதனால்தான் இதைச் சொல்கிறோம். குறைவாக இருக்கும் பிரதிநிதிகள் கூடுதலாக வேலை செய்ய வேண்டியவர்கள். 225 பேருக்கும் ஒரே விதி என்றுதான் கேட்கிறோம், எம்மவருக்கு மட்டும் தனி விதி கேட்கவில்லை. விதி வரும் வரை காத்திராமல் எமது எம்பி ஒருவர் தானாக முன்வந்து தனது அலுவலகச் செலவை முகநூலில் வெளியிட்டால், அது சமூகத்துக்குக் கௌரவம். "முஸ்லிம் எம்பி" என்ற சொல்லுக்கு நாட்டில் ஒரு நல்ல பெயரை அது வாங்கித் தரும். அமானிதம் என்ற வார்த்தையை மேடையில் சொல்லாமல் மேசையில் காட்டுவது அதுதான்.

கடைசியாக, ஊர் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எம்பி என்றால் விளையாட்டுக் கழகத்துக்கு ஜேர்சி தருபவர், கல்யாணத்துக்கு அன்பளிப்போடு வருபவர், பள்ளிக்கு ஒலிபெருக்கி வாங்கித் தருபவர் என்ற எதிர்பார்ப்பு எங்கும் இருக்கிறது. 54,285 ரூபாச் சம்பளக்காரர் இதையெல்லாம் எங்கிருந்து தருவார்? அலுவலகத்துக்கு வந்த பணத்திலிருந்து தருவார், அல்லது அதைவிட மோசமான இடத்திலிருந்து தருவார். ஜேர்சி வாங்கிய கழகம் பிறகு வாடகைப் பற்றுச்சீட்டைக் கேட்காது. ஆகவே கழகங்களும் சங்கங்களும் அடுத்த தடவை மகஜர் எழுதும்போது, ஜேர்சிக்குப் பதிலாக வாரத்துக்கு மூன்று நாள் திறக்கும் ஒரு அலுவலகத்தைக் கேட்கட்டும்.

உடனே செய்யக் கூடியதும் ஒன்று இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பிரஜை எவரும் பாராளுமன்றத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கு மேல் ஆணைக்குழு உண்டு. எமது மாவட்ட உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் கடந்த வருடம் அலுவலகம், தொலைபேசி, முத்திரை, எரிபொருள் ஆகியவற்றுக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, அலுவலக முகவரி ஏதும் பதிவில் உள்ளதா என்று கேட்கலாம். கட்சி பாராமல், இனம் பாராமல், எல்லா உறுப்பினர்களைப் பற்றியும் ஒரே விண்ணப்பத்தில் கேட்க வேண்டும். ஊரிலுள்ள சட்ட மாணவர்களும் ஓய்வுபெற்ற அதிபர்மாரும் முன்வந்தால் எழுதுவதற்கு ஒரு மாலை நேரம் போதும். எழுத உதவி தேவைப்படுபவர்கள் உள்பெட்டியில் தொடர்பு கொள்ளுங்கள், சேர்ந்து எழுதுவோம்.

எம்பி எவராவது அடுத்த தடவை எமது ஊர்க் கூட்டத்துக்கு வந்தால், மாலை போட்ட பிறகு மரியாதையாக மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள். உங்கள் அலுவலகம் எங்கே இருக்கிறது? எந்த நாட்களில் திறந்திருக்கும்? கடந்த மாதம் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்குப் பதில் கிடைத்தது?

பதில் சொல்லக் கூடியவருக்கு ஒரு இலட்சம் போதாது என்றால், கூட்டிக் கொடுக்கச் சொல்லி நாமே எழுதுவோம்.